கௌபாய்கள் கவிதை சொல்லும் ஊர்... எல்கோ மேடைக்கு வந்த சோதனை!

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இருக்கும் எல்கோவுக்கு ரயிலில் போகிறவர்கள் அலாரம் வைத்துக்கொண்டுதான் தூங்க வேண்டும். சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ பக்கம் போகும் ‘கலிஃபோர்னியா ஸெஃபிர்’ இந்த ஊரில் நிற்பது அதிகாலை மூன்று மணி வாக்கில். ஒரு நாளைக்கு ஒரே ஒரு ரயில். ஸ்டேஷன் என்று சொல்லிக்கொள்ளத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சின்ன நிழற்குடைகள்தான். டீக்கடை, ஆட்டோ எதையும் எதிர்பார்க்கக் கூடாது. ஜனவரி மாதம் என்றால் தண்ணீர் பாட்டில் கைப்பையிலேயே உறைகிற குளிர்.

அந்தக் குளிரில், அந்த அகால நேரத்தில், சில ஆயிரம் பேர் ஒவ்வொரு ஜனவரிக் கடைசியிலும் இந்த ஊரைத் தேடி வருகிறார்கள். சூதாட்டத்துக்கா? இல்லை. பனிச்சறுக்குக்கா? அதுவும் இல்லை. மாடு மேய்ப்பவர்கள் மேடையேறிக் கவிதை சொல்வதைக் கேட்க!

கௌபாய் என்றதும் நம் ஊரில் பலருக்கு ஜெய்சங்கர் நினைவுக்கு வருவார். கொஞ்சம் இளையவர்களுக்கு ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’. லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு டெக்ஸ் வில்லர். குதிரை, தொப்பி, துப்பாக்கி, தூசி... அந்தப் பட்டியலில் கவிதை எங்கேயும் கிடையாது. ஆனால், நிஜமான கௌபாயிடம் துப்பாக்கியை விட அதிகமாகப் புழங்கியது கயிறும், அதற்கு அடுத்தபடியாகப் பாட்டும்தான்.

தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு... ஆனால், ஆளைக் காணோம்!

நெவாடா என்றால் லாஸ் வேகாஸ் என்று நினைத்துக் கிளம்பினால் ஏமாற்றம்தான். லாஸ் வேகாஸிலிருந்து எல்கோவுக்குக் காரில் போக வேண்டிய தூரம், ஏறக்குறைய சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற தூரம். பக்கத்துப் பெரிய ஊர் என்றால் அடுத்த மாநிலத்தில் இருக்கும் சால்ட் லேக் சிட்டி. அங்கே விமானத்தில் இறங்கி, 80-ம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 370 கிலோமீட்டர். வழியில் போனவில் உப்புச் சமவெளி வரும். கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை. அது பனியா உப்பா என்று ஜனவரியில் சொல்வது கஷ்டம்.

எல்கோ கவுன்ட்டி என்ற மாவட்டத்தின் பரப்பளவு தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். மக்கள்தொகை? ஐம்பதாயிரத்துச் சொச்சம். நம் ஊரில் ஒரு பேரூராட்சி, நகராட்சிக் கணக்கு. எல்கோ நகரில் மட்டும் சுமார் 20,000 பேர். கடல் மட்டத்திலிருந்து 5,000 அடி உயரம். ஊருக்குத் தென்கிழக்கே ரூபி மலைத்தொடர் பனியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. ஊரைச் சுற்றி, சாம்பல் பச்சை நிறத்தில் ‘சேஜ்பிரஷ்’ என்ற புதர். மழை பெய்து ஓய்ந்தால் அதிலிருந்து ஒரு மருந்து வாசனை கிளம்பும். அந்த வாசனையைப் பற்றியே ஏராளமான கவிதைகள் உண்டு.

1860-களின் கடைசியில் அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைக்கும் ரயில்பாதை போட்டபோது முளைத்த ஊர் இது. அதற்கு முன்பும் இது யாருமில்லாத நிலமாக இருக்கவில்லை. மேற்கு ஷோஷோனி பழங்குடி மக்களின் பூமி. அவர்களின் குடியிருப்பு இன்றும் ஊரை ஒட்டியே இருக்கிறது. பிறகு மாடு வந்தது, ஆடு வந்தது, தங்கமும் வந்தது. அமெரிக்காவில் எடுக்கப்படும் தங்கத்தில் பெரும்பகுதி நெவாடாவில்தான் கிடைக்கிறது. அதில் முக்கியமான ‘கார்லின்’ சுரங்கங்கள் எல்கோவுக்குப் பக்கம்தான். ஆக, ஊரில் பாதிப்பேர் சுரங்க வேலை, மீதிப்பேர் மாடு என்று பேச்சுவாக்கில் சொல்லலாம்.

மாட்டுக்குத் தாலாட்டு!

சரி, மாடு மேய்ப்பவருக்குக் கவிதை எப்படி வந்தது?

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த 1860-களின் நடுவில், டெக்சாஸில் மாடுகள் ஏராளம். வாங்கும் ஆட்களோ வடக்கிலும் கிழக்கிலும். ரயில் கான்சாஸ் வரைதான் வந்திருந்தது. அதனால் ஆயிரக்கணக்கான மாடுகளை இரண்டு, மூன்று மாதங்கள் நடத்தியே ரயிலடிக்குக் கொண்டுபோனார்கள். ஓட்டிப் போனவர்களில் வெள்ளையர்கள், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின இளைஞர்கள், மெக்சிகோக்காரர்கள் எல்லோரும் கலந்திருந்தார்கள். சினிமா இந்தப் பாதியைக் காட்டவே இல்லை என்பது தனிக்கதை.

பகலில் நடை. ராத்திரியில்தான் ஆபத்து. ஓர் இடி, ஒரு பாத்திரம் விழும் சத்தம் போதும்... மொத்த மந்தையும் மிரண்டு ஓடும். குறுக்கே யார் இருந்தாலும் சட்னிதான். அதனால், இரவுக் காவலுக்கு இரண்டு பேர் மந்தையைச் சுற்றி எதிரெதிர்த் திசையில் குதிரையில் மெதுவாகப் போய்க்கொண்டே பாடுவார்கள். மனிதக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தால் மாடு பயப்படாது. நம் ஊர் ஏற்றப்பாட்டு, தெம்மாங்கு போல, வேலையிலிருந்தே பிறந்த பாட்டு இது. தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோனால் சொந்தமாகக் கட்டினார்கள்.

பாட்டிலிருந்து கவிதை. அடிகளின் கடைசி ஓசை ஒத்துப்போகும் இயைபு, ஒரு குதிரை நடைச் சந்தம், எளிய பேச்சு மொழி. காகிதத்தில் எழுதிப் படிப்பதை விட மனப்பாடமாகச் சொல்வதுதான் மரபு. பனிப்புயலில் கன்று ஈன்ற பசு, உதைத்துத் தள்ளிய குதிரை, மோசமாகச் சமைத்த சமையல்காரர், வங்கிக் கடன், செத்துப்போன நண்பன் என எல்லாமே கவிதைக்குள் வரும். 1908-ல் ஜாக் தோர்ப், 1910-ல் ஜான் லோமாக்ஸ் ஆகியோர் கௌபாய் பாடல்களைத் தொகுத்துப் புத்தகமாகவே போட்டார்கள். புரூஸ் கிஸ்கடன் என்ற கவிஞர், மாடு மேய்க்கும் வேலையை விட்டுவிட்டு லாஸ் ஏஞ்சலஸ் ஹோட்டலில் பெட்டி தூக்கும் பணியாளராக இருந்தபடியே எழுதினார். கால்நடைச் சந்தை வெளியிட்ட காலண்டரில் அவர் கவிதை வரும். பண்ணை வீட்டுச் சமையலறையில் அந்தக் காலண்டர் தொங்கும். அதைப் பார்த்துப் பார்த்தே மனப்பாடம் செய்த தலைமுறை ஒன்று உண்டு.

எல்கோ பக்கத்தில் இவர்களை கௌபாய் என்பதை விட ‘பக்கரூ’ என்று சொல்வதுதான் வழக்கம். மாடு மேய்ப்பவரைக் குறிக்கும் ‘வக்கேரோ’ என்ற ஸ்பானியச் சொல் ஆங்கிலேயர் வாயில் புகுந்து வந்த வடிவம் அது. ‘வாக்கா’ என்றால் ஸ்பானிய மொழியில் பசு. நம் மொழியிலோ மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்றே ஒரு பொருள் உண்டு. எல்கோக்காரர்களிடம் சொன்னால் தலையாட்டி ஒப்புக்கொள்வார்கள்.

தேடிப் போனவர்கள்

1980-களின் தொடக்கத்தில் இந்த மரபு இருக்கிறதா, செத்துவிட்டதா என்றே நகரத்துக்காரர்களுக்குத் தெரியாது. பண்ணைகளுக்கும் அது கெட்ட காலம். கடன், வட்டி, விலைவீழ்ச்சி என்று அமெரிக்க விவசாயமே தள்ளாடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மேற்கு மாநிலங்களில் வேலை பார்த்த சில நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு யோசனை செய்தார்கள். எங்கேயாவது ஓர் இடத்தில் இந்தக் கவிஞர்களை ஒன்றுகூட்டினால் என்ன?

கூட்டுவதற்கு முதலில் ஆட்களைக் கண்டுபிடிக்க வேண்டுமே! பெயர்ப் பட்டியலா இருக்கிறது? மாநிலம் மாநிலமாகப் போய் விசாரித்தார்கள். பண்ணைகளில், சின்ன ஊர்களில், கேட்டுக் கேட்டு ஆள் பிடித்தார்கள். இந்தத் தேடலுக்குப் பெட்ரோல் போட்டது அரசுப் பணம். கலைகளுக்கான தேசிய அறக்கட்டளை என்ற என்.இ.ஏ-வின் நாட்டுப்புறக் கலைப் பிரிவு உதவியது. யூட்டாவைச் சேர்ந்த ஹால் கேனன் முன்னின்று நடத்த, 1985 ஜனவரிக் கடைசியில் எல்கோவில் முதல் கூட்டம் நடந்தது.

ஏன் ஜனவரி? கன்று ஈனும் பருவம் தொடங்குவதற்கு முன், பண்ணையில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் காலம் அது. ஏன் எல்கோ? நெடுஞ்சாலையில் இருக்கிறது, ஹோட்டல் அறைகள் குளிர்காலத்தில் காலியாகக் கிடக்கின்றன, எல்லாவற்றுக்கும் மேலாக இது உண்மையான மாட்டு ஊர். வெறும் நான்கு பேர் வருவார்களோ என்று பயந்து நடத்திய கூட்டத்துக்கு எதிர்பார்த்ததை விடப் பலமடங்கு கூட்டம். தன் ஊரில் தான் ஒருவன்தான் இப்படிக் கிறுக்குப்பிடித்துக் கவிதை கட்டுகிறேன் என்று நினைத்திருந்தவர்கள், தன்னைப்போல நூறு பேரை ஒரே கூடத்தில் பார்த்தார்கள்.

அதன்பிறகு நடந்தது எல்லாம் வேகம். நெவாடாப் பண்ணை ஆள் வாடி மிட்செல், ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சி வரை போனார். கால்நடை மருத்துவராக இருந்த பாக்ஸ்டர் பிளாக், பொது வானொலியில் நாடறிந்த குரலானார். மொன்டானா பண்ணைக்காரர் வாலஸ் மெக்ரேவுக்கு 1990-ல் நாட்டின் உயரிய நாட்டுப்புறக் கலை விருது. கௌபாய் கவிஞர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. அவருடைய புகழ்பெற்ற கவிதை ஒன்றின் தலைப்பு ‘மறுபிறவி’. மறுபிறவி என்றால் என்னவென்று ஒரு கௌபாய் இன்னொருவருக்கு விளக்குவார். செத்துப் புதைத்தால் மண், மண்ணிலிருந்து புல், புல்லைத் தின்ன ஒரு குதிரை, பிறகு அந்தக் குதிரையிடமிருந்து லத்தி... அந்த லத்தியைப் பார்த்து நண்பர் என்ன சொல்கிறார் என்பதில்தான் சிரிப்பு. நம் ஊர்ப் பட்டிமன்ற மேடையில் சொன்னாலும் கைதட்டல் நிச்சயம்.

2000-ல் அமெரிக்க செனட், இந்தக் கூட்டத்துக்கு ‘தேசிய’ என்ற அடைமொழியை அங்கீகரித்தது. 2025 ஜனவரியில் 40-வது கூட்டம் நடந்தது. மங்கோலியா, ஹங்கேரி, ஆஸ்திரேலியா என்று உலகின் பல மேய்ச்சல்காரர்களும் இந்த மேடையில் ஏறியிருக்கிறார்கள்.

ரயில்வே தெருவில் ஒரு பழைய ஹோட்டல்

விழா இல்லாத நாளில் போனாலும் பார்க்க இடம் இருக்கிறது. ரயில்வே தெருவில் இருக்கும் பயனீர் ஹோட்டல் கட்டடம்தான் விழாவை நடத்தும் ‘வெஸ்டர்ன் ஃபோக்லைஃப் சென்டர்’ அமைப்பின் வீடு. நூறாண்டு தாண்டிய செங்கல் கட்டடம். உள்ளே, அந்தக் காலத்து நீளமான மரத்தாலான மதுக்கூட மேஜை அப்படியே இருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்ன அரங்கம். நடந்து போகும் தூரத்தில் 1929 முதல் இயங்கும் கேப்ரியோலா கடை. சேணம், கடிவாளம், குதிமுள், சுருக்குக் கயிறு... கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த காட்சிப் பொருள்கள் அல்ல, மறுநாள் வேலைக்குப் போக வாங்கும் சாமான்கள்.

பசித்தால் ஸ்டார் ஹோட்டல். 1910-ல் திறந்தது. ஸ்பெயினும் பிரான்ஸும் சந்திக்கும் மலைப்பகுதியிலிருந்து ஆடு மேய்க்க வந்த பாஸ்க் இனத்தவர்கள், குளிர்காலத்தில் தங்குவதற்காக உருவான விடுதி. கோடை முழுக்க மலையில் ஆட்டோடு தனியாக இருந்துவிட்டு இறங்கி வருபவனுக்குத் தன் மொழியில் பேச நான்கு பேர் கிடைக்கும் இடம். சாப்பாடு இன்றும் பந்தி பாணிதான். நீள மேஜையில் முன்பின் தெரியாதவர்களோடு உட்கார வேண்டும். சூப், பீன்ஸ், பூண்டு தூக்கலாக இறைச்சி எல்லாம் பெரிய பாத்திரத்தில் வரும், எடுத்துப் போட்டுக்கொண்டு அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும். சைவக்காரர்கள் சூப்பையும் ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது.

இந்த பாஸ்க் மேய்ப்பர்கள் இன்னொன்றும் செய்தார்கள். மலையில் ஆஸ்பென் என்ற வெள்ளைப் பட்டை மரங்கள் உண்டு. அதில் கத்தி முனையால் மெல்லிய கீறல் போடுவார்கள். மரம் வளர வளர அந்தக் கீறல் கறுத்துத் தடித்து எழுத்தாகத் தெரியும். பெயர், தேதி, சொந்த ஊர், காதலி முகம், முதலாளியைத் திட்டி ஒரு வரி... ‘கல்வெட்டு’ என்பது போல இதை ‘மரவெட்டு’ என்று சொல்லலாம். சிக்கல் என்னவென்றால், கல் ஆயிரம் ஆண்டு நிற்கும். ஆஸ்பென் மரத்தின் ஆயுள் நூறு ஆண்டு இருந்தால் அதிகம். 1920-களில் கீறியவை இப்போது ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கின்றன. மரம் விழுவதற்குள் யாராவது போய்ப் படம் எடுத்து, படித்து, பதிவு செய்தால் உண்டு. அந்த ‘யாராவது’தான் இந்தக் கட்டுரையின் மையமே.

நள்ளிரவில் வந்த மின்னஞ்சல்

அமெரிக்காவில் கலைக்கு என்.இ.ஏ இருப்பதுபோல, வரலாறு, மொழி, இலக்கியம், தத்துவம், நாட்டார் மரபு ஆகியவற்றுக்கு என்.இ.ஹெச் என்ற அமைப்பு உண்டு. இரண்டையும் 1965-ல் ஒரே சட்டத்தில் உருவாக்கியவர் அதிபர் லிண்டன் ஜான்சன். என்.இ.ஹெச் நேரடியாகவும் மானியம் தரும், மாநிலத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கும் 56 கவுன்சில்கள் வழியாகவும் தரும். நெவாடாவில் அது ‘நெவாடா ஹியூமானிட்டீஸ்’. நூலக நிகழ்ச்சிகள், ஊர் வரலாறு, மாநிலத்துக்கென்று ஓர் இணையக் கலைக்களஞ்சியம் போன்றவை அதன் வேலை.

2025 ஏப்ரல் 2-ம் தேதி இரவு, நாடு முழுக்க மானியம் பெற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு மின்னஞ்சல் போகத் தொடங்கியது. உங்கள் மானியம் ரத்து, உடனடியாக! வழக்கமான அரசு முகவரியிலிருந்து வராததால் பலருக்கு அது ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழுந்தது. ரத்தானவை ஆயிரத்துக்கும் மேற்பட்ட மானியங்கள். 56 மாநில, பிரதேசக் கவுன்சில்களும் அதில் அடக்கம். அதே ஆண்டு மே 2-ம் தேதி என்.இ.ஏ மானியங்களும் இதே பாணியில் ரத்தாயின. அன்றே வெளியான அதிபர் டிரம்ப்பின் பட்ஜெட் முன்மொழிவில் இரண்டு அமைப்புகளையுமே மூடிவிடலாம் என்றிருந்தது. ஜூலையில், பாக்ஸ்டர் பிளாக்கின் குரலைக் கொண்டுபோன பொது ஒலிபரப்புக்கான நிதியையும் நாடாளுமன்றம் திரும்ப எடுத்துக்கொண்டது.

மிச்சமான பணத்தில் ஒரு பகுதி எதற்கு? ‘அமெரிக்க நாயகர்கள் தோட்டம்’ என்ற பெயரில் 250 ஆளுயரச் சிலைகள் வைக்கும் திட்டத்துக்கு. இரண்டு அமைப்புகளும் சேர்ந்து 34 மில்லியன் டாலர் ஒதுக்குவதாக அறிவித்தன. சிலை வைப்பதும் பண்பாட்டுப் பணிதானே என்று கேட்டால்... கேட்கலாம்தான். சிலை எதையும் பதிவு செய்யாது என்பதை மட்டும் ஓரமாகச் சொல்லிவைக்கலாம்.

கவுன்சில்கள் கோர்ட்டுக்குப் போயின. 2025 ஆகஸ்ட்டில் ஓரிகான் மாநிலத்தில் உள்ள மத்திய நீதிமன்றம், இந்த ரத்து சட்டப்படி நிற்காது என்று தோன்றுவதாகக் கூறி இடைக்காலத் தடை தந்தது. அதற்குள் பல ஊர்களில் நிகழ்ச்சிகள் நின்றுபோயிருந்தன, ஆட்கள் வேலையிழந்திருந்தார்கள். மெலன் அறக்கட்டளை அவசர உதவியாக 15 மில்லியன் டாலர் தந்தது. கவுன்சில்களுக்கு ஆண்டுக்குக் கிடைத்துவந்ததோ சுமார் 65 மில்லியன். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று சொல்ல முடியாது, ஆனால் முழுச்சாப்பாடும் இல்லை.

‘கவிதைக்கு எதற்கு வரிப்பணம்?’

இந்தக் கேள்வி எல்கோவுக்குப் புதிதல்ல. 2011 மார்ச்சில் இதே அமைப்புகளின் நிதியை வெட்டச் சொல்லி ஒரு மசோதா வந்தபோது, செனட் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் எழுந்து பேசினார். அவர் நெவாடாக்காரர். இந்த நிதி நின்றால், எங்கள் ஊர் கௌபாய் கவிதை விழாவும் அதற்கு வரும் பல பத்தாயிரம் பேரும் இருக்க மாட்டார்கள் என்ற பொருளில் பேசிவிட்டார். மொத்த ஊரே 20,000 பேர். அவர் சொன்ன கணக்கு கொஞ்சம் தூக்கல்தான். எதிர்த்தரப்புக்கு அல்வா சாப்பிட்டது மாதிரி ஆகிவிட்டது. நாடு கடனில் மூழ்கும்போது மாட்டுக்காரர் கவிதையா என்று மாதக்கணக்கில் கிண்டல். ‘கௌபாய் கவிதை’ என்பதே வீண்செலவுக்கு இன்னொரு பெயராகிப்போனது. விழாச் செலவில் அரசுப் பணம் ஒரு சின்னப் பங்குதான், டிக்கெட்டும் நன்கொடையும்தான் பெரிய பங்கு என்ற விவரம் யார் காதிலும் ஏறவில்லை.

நிதியை வெட்டச் சொல்வோரின் வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. விரும்புபவர்கள் டிக்கெட் வாங்கட்டும், கேட்காதவர் பாக்கெட்டிலிருந்து ஏன் எடுக்கிறீர்கள் என்கிறார்கள். தங்கம் வெட்டுகிற ஊருக்கு வாஷிங்டன் பணம் எதற்கு என்பதும் நியாயமாகத்தான் படுகிறது. கவனிக்க வேண்டிய இன்னொன்று: எல்கோ மாவட்டத்தில் நான்கில் மூன்று ஓட்டு டிரம்ப்புக்கு விழுந்தது. அரசு கையைச் சுருக்க வேண்டும் என்பது இங்கே வெளியிலிருந்து வந்த கருத்து அல்ல. கவிதை சொல்கிறவர்களிலும் கேட்கிறவர்களிலும் அப்படி நினைப்பவர்கள் தாராளமாக உண்டு.

முதலில் தொகையைப் பார்க்கலாம். என்.இ.ஹெச்சின் ஓராண்டு பட்ஜெட் 207 மில்லியன் டாலர். கேட்கப் பெரிது. ஆனால், அமெரிக்க அரசின் மொத்தச் செலவை ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இது மூன்று ரூபாய். ஓர் அமெரிக்கருக்கு ஆண்டுக்கு அரை டாலருக்குச் சற்று அதிகம். இதை வெட்டிக் கடனை அடைக்கலாம் என்பது, கல்யாணச் செலவைக் குறைக்கத் தாம்பூலப் பையில் ஒரு பாக்கைக் குறைப்பது போல.

அடுத்து, டிக்கெட் எதை வாங்கும், எதை வாங்காது என்பது. எல்கோ மேடை நாளைக்கே நின்றுவிடாது. பேர்பெற்ற பாடகர் வந்தால் டிக்கெட் விற்கும். தொப்பியும் பூட்ஸும் மாட்டிய கூட்டம் வரும், ஹோட்டல்கள் நிரம்பும். நின்றுபோவது மேடைக்குப் பின்னால் இருக்கும் வேலை. அடுத்த பள்ளத்தாக்கில், தொண்ணூறு வயதில், நூறு கவிதைகளை மனதில் வைத்திருக்கும் ஒரு பாட்டியைத் தேடிப்போய் உட்கார்ந்து பதிவு செய்வது டிக்கெட் விற்கிற வேலை அல்ல. பள்ளிக்கூடத்துக்கு ஒரு பக்கரூவைக் கூட்டிப்போய்ப் பிள்ளைகளைக் கயிறு திரிக்கவும் கவிதை கட்டவும் வைப்பதும் அப்படியே. ஷோஷோனி மொழி பேசும் முதியவர்களின் கதைகளைச் சேர்ப்பதற்கு எந்த ஸ்பான்சர் பேனர் கட்டுவார்? 1985-ல் அந்தத் தேடல் நடக்காமல் போயிருந்தால், இன்று டிக்கெட் விற்க மேடையே இருந்திருக்காது.

அரசுப் பணத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. மாநிலக் கவுன்சில்கள் மத்திய நிதியில் ஒரு டாலர் வாங்கினால், தம் பங்குக்கு ஒரு டாலருக்கு இணையாகப் பணமோ உழைப்போ காட்ட வேண்டும். அதனால் ஊர் வங்கி, தீவனக் கடை, நூலகம், ஆசிரியர் எல்லோரும் உள்ளே வருவார்கள். முதல் டாலர் நின்றால் இரண்டாவது டாலரைக் கேட்கக் காரணமும் போய்விடுகிறது. பெரிய தனியார் அறக்கட்டளைகள் கைகொடுக்காதா என்றால், அவை இருப்பது நியூயார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும். அங்கிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அங்கேயுள்ள அருங்காட்சியகங்கள்தான். தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் ஐம்பதாயிரம் பேர் வாழும் இடம் அவ்வளவு எளிதில் கண்ணில் படாது.

வெட்டு இது முதல்முறையும் அல்ல. 1981-ல் ரீகன் அரசு இந்த அமைப்புகளின் நிதியைப் பாதியாக்கப் பார்த்தது. 1990-களின் நடுவில் நாடாளுமன்றம் நிஜமாகவே பெரிய துண்டை வெட்டி எடுத்தது. டிரம்ப்பின் முதல் ஆட்சியில் ஒவ்வோர் ஆண்டும் மூடச் சொல்லி முன்மொழிவு வந்தது, ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றம் பணம் கொடுத்தது. அப்போதெல்லாம் அடுத்த ஆண்டு எவ்வளவு என்பதில்தான் சண்டை. கொடுத்து, பாதி வேலையும் நடந்துகொண்டிருந்த பணத்தை ஒரு ராத்திரியில் நிறுத்தியது 2025-ல்தான். இந்த மானியங்களில் பலவற்றில் முதலில் செலவு செய்துவிட்டுப் பிறகு பணத்தைப் பெற வேண்டும். செலவு செய்து பில்லோடு நின்றவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

போக நினைப்பவர்களுக்கு...

ஜனவரிக் கடைசி வாரம்தான் விழா. பொங்கல் முடிந்து பத்து, பதினைந்து நாளில். ஊரில் அறைகள் வேகமாக நிரம்பிவிடும். கம்பளி உடை, காதை மூடும் தொப்பி கட்டாயம். கௌபாய் தொப்பி காதை மூடாது என்பதைப் பலர் அங்கே போன பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். குளிர் ஆகாதவர்கள் ஜூலை முதல் வாரம் போகலாம், பாஸ்க் திருவிழா நடக்கும். ரூபி மலையில் லமாயில் பள்ளத்தாக்கு வரை காரிலேயே ஏறலாம். பள்ளத்தாக்கில் ஆஸ்பென் தோப்புகள் உண்டு. பழைய கீறல்களைப் பார்த்தால் ரசித்துவிட்டு வந்துவிடுங்கள். பக்கத்தில் உங்கள் பெயரைக் கீற வேண்டாம்.

விழாவில் பெரிய அரங்குகளுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்றால் கவலை இல்லை. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துவிட்டு ஏறிக் கவிதை சொல்லக்கூடிய மேடை ஒன்றும் உண்டு. அங்கேதான் சுவாரஸ்யம் அதிகம். முதல்முறை ஏறுபவர் நடுவில் வரியை மறந்து நிற்பார். கூட்டத்தில் யாராவது ஒருவருக்கு அந்தக் கவிதை தெரிந்திருக்கும், கீழேயிருந்து எடுத்துக்கொடுப்பார்.

திரும்ப வரும்போது கிழக்கே போகும் ரயில் எல்கோவுக்கு இரவு ஒன்பதரை மணி வாக்கில் வரும். ராத்திரி நிகழ்ச்சிகள் சூடுபிடிப்பதும் அந்நேரத்துக்குத்தான். அதனால் பலர் மறுநாள் ரயிலுக்கு டிக்கெட் போட்டுக்கொள்கிறார்கள்.